கடிதங்களின் பின்பக்கத்தில் எழுதியவள்

சென்னையிலிருந்து கப்பலில் புத்தகப் பெட்டிகள் வந்த செவ்வாய்க்கிழமை கலாதேவி வீட்டில் தனியாக இருந்தாள். முதியோர் இல்லத்துச் சலவை அறையில் காலை வேலையை முடித்துக்கொண்டு அப்போதுதான் வந்திருந்தாள். கணவர் நித்தியானந்தன் கம்பித் தொழிற்சாலைக்குப் பின்னேர வேலைக்குப் போய்விட்டார். மகள் சயந்தினி, ஜெர்மனியில் அவர்கள் இருந்த ஹம் நகரத்து ரயில் நிலைய வெதுப்பகத்தில் பாண் விற்றுக்கொண்டிருந்தாள்.

முதல் நாவல் அச்சாகி வந்த பெட்டியைத் திறக்கிற எந்த எழுத்தாளரும் ஒரு பிரதியை எடுத்து மணந்து பார்ப்பார், அட்டையைத் தடவுவார், தன் பெயரை ஒருமுறை வாய்விட்டு வாசிப்பார். கலாதேவி இதில் ஒன்றையும் செய்யவில்லை. புத்தகங்களை வெங்காயம் இறக்குவதுபோல் கட்டுக் கட்டாக நிலத்தில் இறக்கினாள். இரண்டாவது பெட்டியின் அடியில், பழைய பத்திரிகையில் சுற்றிக் கட்டியிருந்த கையெழுத்துப் பிரதிதான் அவளுக்கு வேண்டியிருந்தது. திருப்பி அனுப்பச் சொல்லிப் பதிப்பாளர் சிதம்பரத்துக்கு மூன்று தடவை தொலைபேசி எடுத்தவள் அவள். 'எழுத்தாளர் கலாதேவிக்குத் தன் கையெழுத்தின் மேல் எவ்வளவு பற்று' என்று அந்த மனிதர் நினைத்திருப்பார். பற்றாவது மண்ணாவது.

கட்டியிருந்த நூலை அறுத்தாள். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை உருவினாள். அதுதான் கடைசிப் பக்கம். மறுபக்கம் திருப்பினாள்.

தடித்த வெள்ளைத் தாள். தலைப்பில் சின்னதாக ஒரு காதின் படம். அதன் கீழே மகளின் பெயர். அதற்குக் கீழே நாலே நாலு வரி ஜெர்மன். பதினெட்டு வருடம் இந்த நாட்டில் இருந்தும் கலாதேவியின் ஜெர்மன் சலவை இயந்திரத்துக்கும் மேற்பார்வையாளருக்கும் மட்டுமே போதுமானது. ஆனாலும் நாலு வரியை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாமல் இல்லை. உங்களோடு வேலை செய்தது சந்தோசம், தொழிற்பயிற்சி இடம் பற்றிப் பேச, டிசம்பர் முதலாந்திகதி காலை பத்து மணிக்கு உங்களை அன்போடு எதிர்பார்க்கிறோம் என்று எழுதியிருந்தது. இப்போது ஜூன் மாதம். கலாதேவி புத்தகங்களுக்கு நடுவே நிலத்தில் இருந்துவிட்டாள்.

நாவலின் பெயர் 'கூறைச்சேலை எங்கே?' கொலை கிடையாது, இரத்தம் கிடையாது. கலியாண மண்டபம் ஒன்றில், தாலிகட்டுக்கு அரை மணி நேரம் இருக்கும்போது கூறைச்சேலை காணாமற் போகிறது. பலகாரம் சுட்டுக் கொண்டுவந்த பூமலர் அக்கா வடைத் தட்டோடு மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, இன்னாரிடம் ஒரு கேள்வி, இன்னாரிடம் ஒரு பகிடி என்று கேட்டு ஆளைப் பிடித்துவிடுகிறாள். பூமலர் அக்காவின் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது.

இந்தக் கதை முழுவதையும் கலாதேவி ஜெர்மன் அலுவலகக் கடிதங்களின் பின்பக்கத்தில்தான் எழுதினாள். முதலில் அது வெட்கத்தினால் வந்த பழக்கம். கொப்பி வாங்கினால் எதற்கு என்று கேட்பார்கள். சமையலறை மேசையில் இருந்துகொண்டு பழைய கடிதத்தில் ஏதோ கிறுக்கினால் சாமான் பட்டியல் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். பிறகு வெட்கம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. புதுத்தாளைக் கண்டால் அவளுக்குக் கை ஓடாது.

அந்த வீட்டில் கடிதங்களுக்கு ஒரு முறை இருந்தது. வருகிற கடிதத்தைக் கத்தியால் திறந்து வைப்பது கலாதேவியின் வேலை. வாசிப்பது சயந்தினியின் வேலை. ஒன்பது வயதிலிருந்து அந்தப் பிள்ளைதான் வீட்டுக் கடிதங்களை வாசிக்கிறது. "இது கட்டவேணும், இதுக்குப் போய்ச் சந்திக்க டெர்மின் எடுக்கவேணும், இது எறியலாம்" என்று பிரித்துத் தரும். எறியலாம் என்றவை பிஸ்கட் டின்னுக்குள் போகும். அங்கிருந்து பூமலர் அக்காவிடம் போகும். சயந்தினியின் கண் படாமல் ஒரு தாளும் டின்னுக்குள் போகக்கூடாது என்பது சட்டம்.

அந்தச் சட்டத்தைக் கலாதேவி ஒரே ஒரு நாள்தான் மீறினாள். போன நவம்பரில் ஒரு வியாழக்கிழமை. சிதம்பரம் தொலைபேசியில் வந்து, கடைசி அத்தியாயம் மறுநாள் தபாலில் ஏறாவிட்டால் ஜனவரிப் புத்தகக் கண்காட்சிக்கு நாவல் இல்லை என்று சொல்லிவிட்டார். அடுப்பில் சோறு கரிந்துகொண்டிருந்தது. அந்த மாதம் முழுவதும் அந்த வீட்டில் பாணும் சம்பலும், இல்லையென்றால் கடைப் பீட்சாதான். நித்தியானந்தன் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போவார், அது அவளுக்கு ஏச்சைவிட மோசமாக இருந்தது. டின் வெறுமை. இன்னும் ஒரு பக்கம் எழுதினால் கதை முடிந்தது. மேசையில் அன்று வந்த கடிதம் ஒன்று, திறந்தபடி, பின்பக்கம் பால்போல் வெறுமையாகக் கிடந்தது.

மகளின் பெயரைப் பார்த்தாள். காதின் படத்தையும் பார்த்தாள். எழுதிவிட்டுப் பின்னேரம் காட்டுவோம், பின்னால் எழுதினால் முன்னால் வாசிக்க முடியாதா என்ன என்று நினைத்தாள். எழுதினாள், இலக்கம் போட்டாள், கட்டினாள், மறுநாள் தபாலில் சேர்த்தாள். மறந்தேவிட்டாள்.

அதோடு போயிருந்தால் அதை மறதி என்று சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை உளுந்து ஊறப்போடும்போது ஞாபகம் வந்துவிட்டது. அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் கடிதம் எங்கே என்பார்கள். கதை எழுதிச் சென்னைக்கு அனுப்பிவிட்டேன் என்று சொல்லவேண்டும். அதோடு அந்த வீட்டில் எழுத்து என்ற பேச்சே இருக்காது, புத்தகமும் இருக்காது என்று அவள் பயந்தாள். இந்த நாட்டில் முக்கியமான கடிதம் என்றால் ஒருமுறையோடு நிற்காது, இரண்டாம் முறை வரும், பிந்தினால் மூன்றாம் முறை கோபத்தோடு வரும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மின்சாரக்காரர், தொலைபேசிக்காரர், காப்புறுதிக்காரர் எல்லாரும் அப்படித்தான் அனுப்பியிருக்கிறார்கள். கட்டணம் கேட்பவர்கள்தான் திரும்பத் திரும்பக் கேட்பார்கள், வா என்று அழைப்பவர்கள் ஒருமுறைதான் அழைப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியவில்லை. இரண்டாம் கடிதம் வரவே இல்லை.

வராமல் போனதால் சயந்தினிக்கு நடந்தது இது. ஹாகனில் காதுக் கருவி பொருத்தும் கடை ஒன்று இருக்கிறது. இயந்திரச் சத்தத்தில் ஒரு பக்கக் காதை இழந்த நித்தியானந்தனுக்கு அங்குதான் கருவி செய்தார்கள். சயந்தினி அப்பாவோடு மொழிபெயர்க்கப் போய், அந்தத் தொழிலிலேயே ஆசை வைத்துவிட்டாள். இரண்டு கிழமை அங்கே வேலை பழகினாள். கடைக்காரி ஃபிராவ் பிரிங்க்மான், "உன்னைக் கட்டாயம் கூப்பிடுவோம்" என்று கையைப் பிடித்துச் சொன்னாராம். நவம்பர் போய், கிறிஸ்மஸ் போய், புது வருடமும் போயிற்று. "வாயாலை சொல்லுவினம் அம்மா. கடைக்கு முன்னாலை எங்கடை முகத்தை வைக்க அவைக்கு விருப்பமில்லை" என்று ஒரு நாள் சொன்னாள். கேட்டுப் பார் என்று நித்தியானந்தன் சொன்னதற்கு, "பிச்சை கேக்கமாட்டன்" என்றாள். அதற்குப் பிறகு ஒரு விண்ணப்பமும் எழுதவில்லை. அப்பாவின் கருவிக்கு மின்கலம் வாங்கக்கூட அந்தக் கடைக்குப் போகவில்லை.

ஏழு மாதமாகக் கலாதேவி ஒன்றையே கும்பிட்டுக்கொண்டிருந்தாள். அது மறுப்புக் கடிதமாக இருக்கவேண்டும், 'மன்னிக்கவும், இடமில்லை' என்று இருக்கவேண்டும். பெற்ற தாய் கும்பிடுகிற கும்பிடா அது? அந்தச் செவ்வாய்க்கிழமை அதுவும் பொய்த்துப்போயிற்று.

புத்தக வெளியீட்டு விழாவுக்குப் பதினொரு நாள் இருந்தது. ஜூன் இருபத்துநாலு, சனிக்கிழமை, வுப்பர்டால் நகரத்தில். ஏற்பாடு செய்தவர் அங்கே தமிழ்ப் பாடசாலை நடத்தும் இராசலிங்கம் அண்ணை. அன்றைக்கு உலகக் கிண்ணத்தில் ஜெர்மனி விளையாடுகிறது என்பதை அவர் அழைப்பிதழ் அடித்த பிறகுதான் கண்டுபிடித்தார். "ஐஞ்சு மணிக்குத்தானே பந்து, நாங்கள் ரெண்டரைக்குத் தொடங்கி நாலரைக்கு முடிப்பம்" என்றார். இரண்டு மணி நேரத்தில் முடிந்த தமிழ் விழா எதுவும் அவருடைய கையால் நடந்ததில்லை.

விளம்பர வேலை முழுவதும் சயந்தினியின் தலையில். அழைப்பிதழ், சுவரொட்டி, தொலைபேசிப் பட்டியல், கடைகளில் கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் அவள். விடிய வேலைக்குப் போய் வந்த களைப்போடு இரண்டு பெட்டிப் புத்தகத்துக்கும் அடையாளத் தாள் செருகினாள். "அம்மா, நீங்கள் பேசாமல் இருந்து கையெழுத்துப் போடுங்கோ" என்றாள். கலாதேவிக்குக் கையெழுத்துக் கோணியது.

ஒரு மாலை சுவிஸ் தமிழ் வானொலியிலிருந்து நேர்காணல். வீட்டுத் தொலைபேசியில், நேரடி ஒலிபரப்பு. அடுப்பில் குக்கர் விசில் அடித்தால் நாடு முழுக்கக் கேட்குமே என்று சயந்தினி துணியால் அதை அமத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வேலை, வீடு, எழுத்து, இவ்வளவையும் எப்பிடி அக்கா சமாளிக்கிறீங்கள்?" என்று அறிவிப்பாளர் கேட்டார். ஆவிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும் மகளைப் பார்த்தபடி கலாதேவி, "வீட்டாக்கள் விட்டுக்குடுக்கினம்" என்றாள்.

வியாழக்கிழமை கணவரிடம் சொன்னாள். அதுவும் பாதிதான். "இஞ்சேருங்கோ, அந்தக் காதுக்கடைக் கடிதம் என்ரை கதைத்தாளுக்குள்ளை போயிட்டுது. தெரியாமல் எழுதிப்போட்டன்" என்றாள்.

நித்தியானந்தன் நல்ல காதைத் திருப்பிக் கேட்டார். "இவ்வளவுக்கு வேறை ஆள் எடுத்திருப்பினம். இப்ப சொல்லி என்ன பிரயோசனம்? விழா முடியட்டும். முடிஞ்ச பிறகும் சொல்லாமல் விடும். தெரியாமல் நடந்ததுதானே."

"அவள் அந்த மனிசியைப் பிழையா நினைச்சுக்கொண்டு திரியிறாள்."

"அந்த மனிசிக்கு அது தெரியுமோ? தெரியாட்டி நோகாது."

சயந்தினிக்கு நோகிறதே என்று கலாதேவி சொல்லவில்லை. சொன்னால் மற்றப் பாதியும் வாயில் வந்துவிடும் என்று பயம்.

சனிக்கிழமை காலை தாயும் மகளும் ரயில் ஏறினார்கள். நித்தியானந்தன் வேலை முடித்து நேரே மண்டபத்துக்குக் காரில் வருவதாக ஏற்பாடு. ரயில் பெட்டி நிறைய ஜெர்மன் கொடியைக் கன்னத்தில் பூசிய பையன்கள், பியர் மணம், பாட்டு. ஒரு மூலையில் பட்டுச்சேலையோடு கலாதேவி, அவளுக்கு முன்னால் சயந்தினி, காலடியில் சக்கரப் பையில் புத்தகம். ஊனா நிலையம் தாண்டியதும் சயந்தினி பையிலிருந்து கையெழுத்துக் கட்டை எடுத்தாள்.

"இதை ஏன் கொண்டுவந்தனி?"

"நான் பேசேக்குள்ளை தூக்கிக் காட்டப்போறன். ஒரு பக்கம் மின்சாரக் கட்டணம், மற்றப் பக்கம் பூமலர் அக்கா. எங்கடை அம்மா இப்பிடித்தான் எழுதினவா எண்டு சொன்னால் சனம் எழும்பி நிண்டு கைதட்டும்." ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனாள். "இது என்ரை பள்ளிக்கூடச் சுற்றுலாக் கடிதம். இது அப்பான்ரை தண்டம்." கடைசிக்கு வந்தாள். "என்னம்மா, இருநூற்றுப் பதினொண்டோடை நிக்குது. முடிவைக் காணேல்லை."

அது கலாதேவியின் கைப்பைக்குள் இருந்தது. பதினொரு நாளாக எரிக்கவும் முடியாமல் கொடுக்கவும் முடியாமல் கொண்டு திரிந்தாள். சென்னையில் தவறவிட்டிருப்பார்கள் என்று சொன்னால் முடிந்தது. பொய் நாக்கின் நுனியில் தயாராக நின்றது. ஆனால் எதிரே இருந்தவள் பாண் கடைச் சீருடையின் தழும்பு கழுத்தில் தெரிய, தாயைப் புகழ்வதற்குத் தாள் தேடிக்கொண்டிருந்தாள். கலாதேவி கைப்பையைத் திறந்து தாளை நீட்டினாள்.

"மற்றப் பக்கத்தைப் பார் பிள்ளை."

சயந்தினி பார்த்தாள். உதடு அசைய ஒருமுறை வாசித்தாள். மறுபடி வாசித்தாள்.

"பெட்டி வந்த அண்டைக்குத்தான் வாசிச்சன். தெரியாமல் அதிலை எழுதிப்போட்டன்" என்றாள் கலாதேவி.

மகள் கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். சயந்தினி வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, ஆனால் அது சிரிப்பும்தான். "கூப்பிட்டிருக்கிறா அம்மா. என்னோடை வேலை செய்தது சந்தோசம் எண்டு எழுதியிருக்கிறா. நான் அவவை என்னவெல்லாம் நினைச்சன். என்ரை முகத்தைப் பற்றி, நிறத்தைப் பற்றி..." மூக்கை உறிஞ்சினாள். பிறகு தாயின் கையைப் பிடித்தாள். "நீங்கள் அழாதேங்கோ. தெரியாமல் நடந்ததுக்கு என்ன செய்யிறது? எல்லாக் கடிதத்தையும் என்னட்டை விட்டது உங்கடை பிழையோ? கண் மை கரையுது, துடையுங்கோ."

எவ்வளவு லேசாக முடிந்துவிட்டது. கலாதேவி அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மண்டபம் காத்திருந்தது, மாலை காத்திருந்தது. மகள் மேடையில் ஏறி இந்தத் தாளையே தூக்கிப் பிடித்து, தன் தாயை மன்னித்த கதையையும் சேர்த்துச் சொல்லக்கூடிய பிள்ளை. அதை நினைக்கத்தான் கலாதேவிக்குத் தாங்கவில்லை. மகளின் விரல்கள் அவளுடைய கையைத் தடவத் தடவ, களவெடுத்த பொருளுக்கு நன்றி வாங்குவதுபோல் உடம்பு கூசியது. ஸ்வேர்ட்டே நிலையம் வந்து போயிற்று.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"உன்ரை பேர் எண்டு பாத்தனான். காதுப் படமும் பாத்தனான். பின்னேரம் காட்டுவம் எண்டு எழுதினன், மறந்துபோனன். ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. சொன்னால் நீங்கள் ரெண்டு பேரும் என்னை எழுத விடமாட்டியள் எண்டு பேசாமல் இருந்திட்டன். திரும்பவும் கடிதம் போடுவினம் எண்டு நினைச்சன்."

சயந்தினியின் கை நின்றது. விலக்கவில்லை, நின்றது.

"எந்த ஞாயிற்றுக்கிழமை?"

"நவம்பர் இருபத்தேழு."

சயந்தினி கடிதத்தைப் பார்த்தாள். டிசம்பர் முதலாந்திகதி. "நாலு நாள் இருந்திருக்கு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, கடிதம் வாசித்துப் பிரித்துத் தருகிற அதே குரலில் சொன்னாள். "நான் கிறிஸ்மஸுக்கு அறையைப் பூட்டிக்கொண்டு கிடந்தனே. அப்பவும் தெரியும்."

"ஓம்."

"கதவைத் தட்டிச் சாப்பிட வா எண்டு கூப்பிட்டனீங்கள்."

"ஓம் பிள்ளை."

அதற்குப் பிறகு அவள் தாயைப் பார்க்கவில்லை. கொடி பூசிய பையன் ஒருவன் அவள் அழுவதைக் கண்டு, வெல்லுவோம் கவலைப்படாதே என்று ஜெர்மனில் சொன்னான். ஹாகன் வருவதாக அறிவித்தார்கள். சயந்தினி எழுந்தாள். தாளை நாலாக மடித்து உள்பைக்குள் வைத்தாள்.

"சனிக்கிழமை ரெண்டு மணி மட்டும் கடை திறந்திருக்கும்" என்றாள்.

"இடம் இருக்காது பிள்ளை. அப்பாவும் சொன்னவர்..."

"இடம் கேக்கப் போகேல்லை. ஏன் வரேல்லை எண்டு சொல்லப் போறன். நான் மதிக்காமல் விட்டனான் எண்டு அவ நினைச்சிருப்பா." சக்கரப் பையைத் தாயின் பக்கம் தள்ளினாள். "இதை இறக்கேக்குள்ளை ஆரையும் கேளுங்கோ, பாரம்."

"விழாவுக்கு வருவியோ?"

சயந்தினி இறங்கினாள். கூட்டத்துக்குள் அவளுடைய நீலச் சேலை கொஞ்ச நேரம் தெரிந்தது.

மண்டபத்தில் எதிர்பார்த்ததைவிடச் சனம். குத்துவிளக்கு ஏற்றி, வாழ்த்துரை நாலு நடந்து, இராசலிங்கம் அண்ணையின் தலைமையுரை முடியும்போதே நாலேகால். நித்தியானந்தன் முன்வரிசையில் நல்ல காதை மேடைப் பக்கம் திருப்பி இருந்தார். மகளைக் காணாமல் இரண்டு தடவை மனைவியைப் பார்த்துக் கண்ணால் கேட்டார். கலாதேவி கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறை அது திறக்கும்போதும் வேறு யாரோ.

"அடுத்ததாக எழுத்தாளரின் புதல்வி செல்வி சயந்தினி, 'என் தாய்' என்ற தலைப்பில் பேசுவார்" என்று இராசலிங்கம் அண்ணை ஒலிவாங்கியில் அழைத்தார். சனம் திரும்பித் தேடியது. அண்ணை ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு, "எங்கை மகள்?" என்று கலாதேவியைக் கேட்டார்.

காய்ச்சல் என்று சொல்வதாகத்தான் நிலையத்திலிருந்து நடந்து வரும்போது முடிவெடுத்திருந்தாள். எழுந்தாள். ஒலிவாங்கியை அவருடைய கையிலிருந்து வாங்கினாள்.

"மகள் வரேல்லை" என்றாள். "அவவுக்கு வேலை பழக வரச்சொல்லி வந்த கடிதத்தை நான் ஒளிச்சனான். சொன்னால் இந்தப் புத்தகம் வராது எண்டு ஒளிச்சனான். ஏழு மாசமாப் பொய் சொல்லிக்கொண்டிருந்தன்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். துப்பறியும் கதைக்காரி நல்ல மர்மத்தோடு தொடங்குகிறாள் என்று நினைத்து ஒருவர் கைதட்ட, மண்டபம் முழுவதும் கைதட்டியது. இராசலிங்கம் அண்ணையும் தட்டினார். நித்தியானந்தன் மட்டும் தட்டவில்லை, அவர் தன் காதுக் கருவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கலாதேவி கைதட்டல் ஓயும்வரை நின்றாள்.

"இது கதையில்லை" என்றாள். "இந்தப் புத்தகத்தை நான் என்ரை பிள்ளையிட்டை இருந்து எடுத்துத்தான் எழுதினனான்." பிறகு அந்த வியாழக்கிழமையிலிருந்து, சோறு கரிந்ததிலிருந்து, ஒன்றும் விடாமல் சொல்லத் தொடங்கினாள். இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை.